பன்னிரண்டு நாளும் நாற்பத்தொன்பது போத்தலும்

என்னால் ஓர் இடத்தில் இருக்க முடிவதில்லை. என் வயதுக்காரர்களாகிய உங்களுக்கும் அப்படித்தானோ தெரியாது. கதிரையில் இருந்தால் கால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் படலைவரை போகச் சொல்கிறது, படலைக்குப் போனால் ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். மகள் சாவகச்சேரியில் கல்யாணம் கட்டியிருப்பதால் இப்போது அவளோடுதான் இருக்கிறேன். அவள் என் மாத்திரைகளைப் பழப் பிளேட்டில் வைத்துக் கத்தியால் வெட்டுவாள். காலையில் அரை, மத்தியானம் ஒன்று, இரவுக்கு ஒன்றேகால். வெட்டி முடியுமுன்னே என் வாய் கூட்டிவிடும், இரண்டே முக்கால் என்று. யாரும் கேட்கவில்லைத்தான்.

நல்லவேளையாக, மூன்றில் ஒன்று விழுங்கு என்று எந்த டொக்டரும் எழுதுவதில்லை. மூன்றில் ஒன்று என்ற பேச்சு வந்தால் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். அதற்குக் காரணம் ஒரு கிணறு.

அச்சுவேலிப் பக்கம் எங்கள் தோட்டக்கிணறு குடிக்கவும் இறைக்கவும் மூன்று வீட்டுக்குப் பொது. எங்கள் வீடு, அப்பாவின் தமையனான பெரியப்பா வீடு, அவர்களின் தமக்கையான மாமி வீடு. துலா மிதித்து இறைத்த காலம் போய், மூன்று வீடும் சேர்ந்து ஒரு மண்ணெண்ணெய் மிசின் வாங்கிய வருடம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. மிசினைத் தொடக்கிவிட ஒரு மூடி பெற்றோல் வேண்டும். அதன் வாசம் மூக்கில் ஏறியதும் நான் ஓடிப்போய்க் கிணற்றடியில் நிற்பேன். பிறகு மண்ணெண்ணெய்ப் புகை, சூடேறின கறுத்த எண்ணெய், ஈரச் செம்மண். தண்ணீர் தொட்டியில் விழுகிற முதல் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

மணிக்கூடு பார்த்து இறைக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. ஆரின் மணிக்கூடு சரி என்று அதற்கே ஒரு சண்டை வந்திருக்கும். அவரவர் தங்கள் எண்ணெயைச் சாராயப் போத்தலில் கொண்டுவந்து மிசினில் ஊற்றுவார்கள். எண்ணெய் முடிந்து மிசின் விக்கி நின்றால் அந்த வீட்டு முறை முடிந்தது. ஆகவே தண்ணீரின் அளவே போத்தல்தான்.

மிசினைப் பூட்ட வந்த மிசின்காரர் கிணற்றுக்குள் நெடுநேரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உந்தக் கிணறு ஒரு நாளைக்கு நாலு போத்தல் தாங்கும். அதுக்கு மேலை இழுத்தியள் எண்டால் அடியிலை கிடக்கிற உப்பு மேலை ஏறும். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை."

நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிற ஊர் எங்களது. அதை ஒருவரும் மறுக்கவில்லை. நாலு போத்தல் என்பது அன்றிலிருந்து சட்டமாயிற்று.

இரண்டு கிழமை எல்லோரும் தங்கள் பாட்டுக்கு இறைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் கூடினார்கள். அப்பா புகையிலைத் தோட்டத்தை இரண்டு துண்டாக்கி, நாளுக்கு ஒரு துண்டு இறைத்தார். முழுக்க நனைய இரண்டு நாளும் மூன்று போத்தலும். மாமியின் வெங்காயம் மூன்று துண்டு. மூன்று நாளுக்கு நாலு போத்தல். பெரியப்பாவின் மிளகாய் நாலு துண்டு. நாலு நாளுக்கு ஐந்து போத்தல்.

"அப்ப எல்லாமாய் ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று பெரியப்பா கேட்டார்.

அப்பா கூட்டினால் மாமிக்குச் சந்தேகம், மாமி கூட்டினால் பெரியப்பாவுக்குச் சந்தேகம். ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமிதான் வழி சொன்னாள்.

"பள்ளிக்கூடக் கணக்காய்ப் போடுவம். உவள் பிள்ளை கூட்டட்டும். அவளுக்கு என்ன பக்கம் இருக்கு?"

அந்தத் தவணை நான்தான் வகுப்பில் முதலாம் பிள்ளை. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சாண் உயர்ந்துபோனேன்.

அன்றைக்கு அங்கே இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காணியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு பெண்ணும், அவள் மகளும். மகள் என் வகுப்பு. ஒரே வாங்கில் பக்கத்தில் இருப்பவள். புருஷன் இல்லாத அந்தப் பெண் அப்பாவின் புகையிலைக்குப் புல்லுப் பிடுங்கவும் இலையிடுக்கில் துளிர்க்கிற கெட்டு முறிக்கவும் வருவாள். பின்காணிக்காரி என்று வீட்டில் சொல்வோம். தன் காணியில் கொஞ்சம் வெங்காயம் நட்டிருந்தாள். அது சரிவந்தால் அடுத்த போகமும் காணி கிடைக்கும், மகளை ஆறாம் வகுப்புக்கு விடலாம் என்பது அவள் எண்ணம். அதுவரைக்கும் வீதிக் கிணற்றிலிருந்து குடத்தால் காவி ஊற்றினாள். அந்தக் காலத்தில் ஆர் ஆரின் கிணற்றில் அள்ளலாம், ஆர் அள்ளக்கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"ஐயா, நாலிலை மிச்சம் வந்தால் அரைப் போத்தல் தண்ணி வாய்க்காலாலை விட்டுவிடுங்கோ. எண்ணெய் என்ரை. நான் கிணத்தடிக்கு வரமாட்டன்" என்று அவள் அப்பாவிடம் கேட்டாள்.

மாமி முகத்தைச் சுழித்தாள். பிறகு, "மிசின்தானே இறைக்குது, கை படாதுதானே. மிச்சம் வந்தால் பாப்பம்" என்றாள்.

நான் மிசின் பெட்டிமேல் கொப்பியை வைத்து எழுதினேன். அப்பாவுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை. மாமிக்கு ஒன்றும் மூன்றில் ஒன்றும். பெரியப்பாவுக்கு ஒன்றேகால். இதுவரைக்கும் சரி. முழுஎண் மூன்றையும் கூட்டினேன், மூன்று. மிச்சம் பின்னங்கள். பகுதியெண் ஒன்றாக இருந்தால் மேலே உள்ளதைக் கூட்டலாம் என்று மட்டுந்தான் வாத்தியார் அதுவரை படிப்பித்திருந்தார். இங்கே கீழே இரண்டு, மூன்று, நாலு என்று மூன்று விதமாக நின்றது. எல்லோரும் என் பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்று. கீழே இரண்டும் மூன்றும் நாலும் ஒன்பது. ஒன்பதில் மூன்று. சுருக்கினால் மூன்றில் ஒன்று. எவ்வளவு வடிவாகச் சுருங்கிவிட்டது என்று எனக்கே பெருமையும் புளுகமுமாயிருந்தது.

"மொத்தம் மூண்டே மூண்டிலை ஒண்டு. நாலிலை கழிச்சால் மூண்டிலை ரெண்டு மிச்சம். அரைப் போத்தலை விடக் கூடத்தான் இருக்கு."

அப்பா தலையாட்டினார். பெரியப்பா, "பாத்தியளே பிள்ளையை" என்றார். பின்காணிக்காரி கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. அவள் மகள் மட்டும் என் கொப்பியை எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள் என்று இப்போது நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் தரையில் நடக்கவில்லை. பின்காணிக்காரி தன் எண்ணெயை ஓர் அரைப் போத்தலில் கொண்டுவந்து வேலிக்கு வெளியே வைத்துவிட்டு நிற்பாள். அந்தச் சின்னப் போத்தல் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கழுத்தில் தும்புக்கயிறு, வாயில் பனையோலைச் சுருள் மூடி, அடியில் ஒரு காற்றுக்குமிழி. அதை எடுத்துக்கொண்டு வந்து மிசினில் ஊற்றுவது என் வேலை. வாய்க்கால் வழியே தண்ணீர் வேலிக்கு அப்பால் போகும்போது அவளும் மகளும் முன்னால் ஓடிப்போய் மண்வெட்டியால் பாத்தி திறப்பார்கள். மகள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு நெல்லிக்காய் கொண்டுவந்து தருவாள். இதெல்லாம் நான் கூட்டிக் கொடுத்த தண்ணீர் என்று எனக்குள் பெருமை.

உப்பை முதலில் கண்டுபிடித்தது மாமியின் நாக்கு. ஒரு விடியற்காலை எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினாள்.

"உதுக்குள்ளை சீனியோ உப்போ போட்டனீர்?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். நானும் குடித்தேன். நாக்கின் ஓரத்தில் கரித்தது. அடுத்த நாள் பால் திரைந்தது. நாலாம் நாள் புகையிலை இலைகளின் விளிம்பு தீயில் வாட்டின மாதிரிச் சுருண்டது. அப்பா வரம்பில் குந்தியிருந்து ஒவ்வோர் இலையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியாமல்.

மறுபடியும் கிணற்றடிக் கூட்டம். மிசின்காரர் சொன்ன நாலு போத்தலைப்பற்றிப் பெரியப்பா தொடங்கினார். "நாலுக்கு மேலை ஒருத்தரும் இறைக்கேல்லையே. பிள்ளை கணக்குப் போட்டுத்தானே தந்தவள்" என்று அப்பா சொன்னார். அதோடு கணக்கு பழியிலிருந்து தப்பியது. கணக்குத் தப்பினால் பழி போட ஓர் ஆள் வேண்டும்தானே.

"மூண்டு பேருக்கெண்டு வெட்டின கிணறு. கண்டவைக்கும் விட்டால் உப்பிடித்தான்" என்றாள் மாமி. "ஆர் கண்டது, நாங்கள் இல்லாத நேரம் அவள் கிணத்துக்குள்ளை கை வைச்சாளோ என்னவோ. அவளின்ரை கை பட்டுத்தான் தண்ணி கெட்டது."

பின்காணிக்காரி வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அந்த அரைப் போத்தலைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"உதுக்கு மேலை ஒரு சொட்டும் நான் விடேல்லை. கிணத்தைத் தொடவும் இல்லை. அளந்து பாருங்கோ."

பெரியப்பா வேறு பக்கம் பார்த்தார். அப்பா குரலை உயர்த்தாமல், "சரி, இனி விடேலாது, நீ போ" என்றார். அவள் தன் இரண்டு கையையும் விரித்து ஒருமுறை பார்த்தாள். பிறகு போனாள். நான் மிசின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுடைய வெங்காயம் குமிழ் வைக்கிற நேரம் அது. ஒரு கிழமைக்குள் தாள் பழுத்து விழுந்தது. காணிக்காரர் அடுத்த போகத்துக்குக் காணி இல்லை என்று சொல்லிவிட்டார். தாயும் மகளும் தென்மராட்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வாங்கில் என் பக்கத்து இடம் வெறுமையாயிற்று. பயத்தில் எங்கள் மூன்று வீட்டாரும் இறைப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். சித்திரையில் நல்ல மழையும் பெய்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது. "பாத்தியளே, அவள் போனாள், உப்பும் போச்சு" என்று மாமி ஊரெல்லாம் சொன்னாள். எல்லோரும் ஓமென்றார்கள்.

இரண்டாம் தவணை தொடங்கி ஒரு கிழமை இருக்கும். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் அரையும் காலும் என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

"சிலபேர் மேலை மேலையும் கீழை கீழையும் கூட்டுவினம். அப்பிடிக் கூட்டினால் என்ன வரும்? ஆறிலை ரெண்டு. அதாவது மூண்டிலை ஒண்டு. அரைத் தேங்காயோடை கால் தேங்காயைச் சேர்த்தால் அரையை விடக் குறையுமோடா? கீழை உள்ளதைச் சமன் ஆக்காமல் கூட்டக்கூடாது."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு, மூன்று, நாலு என்ற மூன்றுக்கும் பொதுவாகப் பன்னிரண்டு. அரை என்றால் பன்னிரண்டில் ஆறு. மூன்றில் ஒன்று என்றால் நாலு. கால் என்றால் மூன்று. எல்லாம் பதின்மூன்று. ஒன்று முழுசாகி ஒன்று மிச்சம். நாலே பன்னிரண்டில் ஒன்று. பின்காணிக்காரிக்கு அரைப் போத்தலுக்கு அல்ல, அரைச் சிரட்டைக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. எங்கள் மூன்று வீட்டுக்கே அது காணாது.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு ஓடினேன். அப்பா புகையிலை முடிந்த தரையைக் கொத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியையும் காட்டினேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"உதை ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. முடிஞ்ச கதையை ஏன் கிண்டுறாய்? போய்ப் படிக்கிற அலுவலைப் பார்."

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. போய்ப் படித்தேன். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனேன். படித்து முடித்து அரசாங்கக் கந்தோரில் வேலையும் கிடைத்தது. அந்த அரைப் போத்தல் எங்கள் குசினியில் விளக்குக்கு எண்ணெய் விடுகிற போத்தலாகப் பல வருடம் கிடந்தது. பிறகு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பது வயது தாண்டித்தான் அது பொறி தட்டியது. அரை, கால், முக்கால் கணக்கில் அப்பா புலி. ஒன்றரையும் ஒன்றேகாலும் இரண்டே முக்கால் என்பது அவருக்கு நித்திரையிலும் தெரியும். அதற்கு மேல் மாமியின் பங்கில் ஒரு முழுப் போத்தலை மட்டும் வைத்தாலே மூன்றே முக்கால் ஆகிவிடும். என்னுடைய விடை அதைவிடக் குறைவு. அதை அவர் காணவில்லையா? மூன்றில் ஒன்று என்பதற்கு அவர்களின் வாய்க்கணக்கில் ஒரு சொல் இருக்கவில்லை, அதில் தடுமாறியிருக்கலாம். அல்லது அரைப் போத்தல் தண்ணீர் கொடுத்தால் அந்தப் பெண் புகையிலை முடியும்வரை எங்கள் தோட்டத்தை விட்டுப் போகமாட்டாள் என்று நினைத்திருக்கலாம். அவர் இருக்கும்போது கேட்க எனக்குத் துணிவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

போன மாதம் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள். வழக்கம்போல் இருக்கமுடியாமல் வாங்குக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசி வாங்கில் வெள்ளைத் தலையோடு ஒரு மனுசி, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னுக்குப் பதினாறு பேர். ஒராளுக்கு ஆறு நிமிசம். ஒண்டரை மணித்தியாலமும் ஆறு நிமிசமும். ஆறுதலாய் இருங்கோ."

எனக்குக் கால் நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்பு வாங்கில் பக்கத்தில் கண்ட அதே நாடியும், சொல்லிவிட்டு உதட்டை உள்ளே மடிக்கிறதும். கிட்டப் போய் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மிசின் பெட்டியிலை கொப்பி வைச்சு எழுதினவள்" என்றாள். "இரு."

பக்கத்தில் இருந்தேன். இவ்வளவு காலமும் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நேரேயே சொன்னேன்.

"அண்டைக்கு நான் கூட்டினது பிழை."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. மேலையும் கீழையும் நீ கூட்டினதைக் கண்டனான். வீட்டை போய்ப் புளியங்கொட்டை வைச்சுப் பாத்தனான், பன்னிரண்டு நாளைக்கு. உங்கடை அப்பாவுக்குப் பதினெட்டுப் போத்தல். மாமிக்குப் பதினாறு. பெரியப்பாவுக்குப் பதினைஞ்சு. நாப்பத்தொன்பது. கிணறு தாங்கிறது நாப்பத்தெட்டு. அதுக்கு மேலை அம்மாவுக்கு ஆறு."

பத்து வயதில், வாத்தியார் சொல்லித்தராமல், புளியங்கொட்டையில்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் எங்களுக்குத் தண்ணி வந்திருக்குமோ?" அவள் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துத் தடவினாள். "பிறகு உப்பானாப் போலை அம்மாட்டை எப்பிடிச் சொல்லுறது, எனக்குத் தெரிஞ்சிருந்தும் விட்டனான் எண்டு? அவ செத்துப் பன்னிரண்டு வருசம். கடைசிமட்டும் ஒரு கிணத்தடிக்கும் முதல் ஆளாய்ப் போகமாட்டா. எல்லாரும் அள்ளிப்போட்டுப் போனாப் பிறகுதான் போவா. தன்ரை கை பட்டால் தண்ணி கெட்டுப்போம் எண்டு."

கையை விரித்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் படலையால் போனது என் கண்முன் தெரிந்தது. நான் அழுதேன். ஆனால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகைக்குள்ளே ஒரு சுமை இறங்கின மாதிரியும் இருந்தது. தனியே நான் மட்டும் இல்லை, இவளும்தான்.

"அப்ப ரெண்டு பேரிலையும் பிழைதான்" என்றேன். "ஆளுக்குப் பாதி எண்டு வைப்பம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அன்றைக்குக் கிணற்றடியில் என் கொப்பியை எட்டிப் பார்த்த அதே பார்வை.

"நீ கந்தோரிலை இருந்து பென்சன் எடுக்கிறாய். நான் அந்த வருசத்தோடை பள்ளிக்கூடம் விட்டுப் பாயிழைக்கப் போனனான். அம்மா தன்ரை கைக்குப் பயந்து பயந்து செத்தவ. உதுகளை எப்பிடியடி பாதி பாதியாய்ப் போடுறாய்?" என்றாள். "நீ இன்னும் மேலையும் கீழையும் அப்பிடியே கூட்டுறாய்."

அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"எங்கையும் போயிடாதை. காட்டிப்போட்டு வாறன், இருந்து கதைப்பம்."

இருந்தேன். என் இலக்கத்தைக் கூப்பிட்டபோதும் எழும்பவில்லை.